அங்கவைன்னு ஒரு பேர்

"மாமா, நீங்க பத்திரிகைல எழுதறவர். இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க" என்று என் அக்கா மகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். எதிர்முனையில் குறைந்தது ஐந்து பேர் மூச்சு விடுவது கேட்டது. நடுவில் ஒரு குட்டி மூச்சு. பிறந்து 12 நாளான பெண் குழந்தை. வழக்கே அவளைப் பற்றித்தான்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு நம் குடும்பங்களில் மூன்று இலவச சேவைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்ப்பது. இறந்துபோனவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி வாசகம் எழுதித் தருவது. குழந்தைக்குப் பெயர் சொல்வது. முதல் இரண்டிலும் இதுவரை பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை. மூன்றாவதில் எனக்கு அனுபவம் போதாது. என் சொந்த மகனுக்கே பெயர் வைத்தது என் மாமனார்.

பிரச்னை இதுதான். குழந்தை கிருத்திகை நட்சத்திரம். அ, இ, உ, எ என்று பெயர் ஆரம்பிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் அனன்யா, அத்விகா, இஷானி என்று ஷார்ட் லிஸ்ட் தயார். அக்கா மகள் ஒரே ஒரு பெயரோடு எதிரில் நிற்கிறாள். அங்கவை.

'அ'வில்தான் ஆரம்பிக்கிறது, ஜோசியருக்கு ஆட்சேபணை இல்லை. நியூமராலஜி பார்க்கிறவர்கூட ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று கருணை காட்டிவிட்டாராம். மறுப்பு வந்தது சம்பந்தியம்மாவிடமிருந்து.

"தம்பி, நான் தப்பா சொல்லலை. புள்ளை ஏற்கெனவே கொஞ்சம் நிறம் கம்மி. இந்தப் பேரை வேற வெச்சா நாளைக்கு ஸ்கூல்ல நாலு பசங்க சிரிக்க மாட்டாங்களா?"

ஏன் சிரிப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். 2007-ல் வந்த அந்தப் பெரிய படத்தின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. ஹீரோ தமிழ்ப் பண்பாட்டோடு ஒரு பெண் தேடுகிறார். அக்கம்பக்கத்துத் தமிழ் அப்பா ஒருவர் தன் இரண்டு பெண்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பெயர்கள் அங்கவை, சங்கவை. இரண்டு பேருக்கும் கன்னங்கரேல் என்று மேக்கப். அவ்வளவுதான் ஜோக். பெயர் பழசு, நிறம் கறுப்பு. தியேட்டர் அதிர்ந்தது. அப்போதே சிலர் கண்டித்து எழுதினார்கள். நான் எழுதவில்லை. நான் சிரித்த கூட்டத்தில் இருந்தேன்.

ஆகவே ஸ்பீக்கர் போனில் தீர்ப்பு சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. காமர்ஸ் படித்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். வாய்தா வாங்கினேன். 1969-ம் வருடத்து பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்ததை 21 நாளுக்குள் பதிவு செய்தால் போதும். பெயரை அப்போதே எழுத வேண்டும் என்பதில்லை. ஒரு வருடம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கும் மேலே போனால் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். "இன்னும் ஒரு வருஷம் டைம் இருக்கு. தொட்டில் அன்னிக்கு காதுல எதையாவது சொல்லிவைங்க" என்று போனை வைத்தேன். (இந்தத் தகவல் தெரியாமல் பிரசவ ஆஸ்பத்திரி வாசலிலேயே சண்டை போட்டுக்கொள்ளும் குடும்பங்கள் பல. கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

மறுநாள் பஸ் ஸ்டாண்ட் வாசலில் இரண்டு பெயர்ப் புத்தகங்கள் வாங்கினேன். குழந்தைகளுக்கான இனிய இலக்கியப் பெயர்கள் என்கிற வகை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அட்டையில் நீலக் கண்ணோடு ஒரு வெளிநாட்டுக் குழந்தை சிரிக்கும். உள்ளே இடது பக்கம் பெயர், வலது பக்கம் பொருள். இந்தப் புத்தகங்களுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. ஆனால் நம் ஊரில் பலர் சங்க இலக்கியத்தைத் தொடுகிற ஒரே இடம் இதுதான் என்பதால், ஒரு நாவலைப் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன்.

முதலில் பட்டது, பெண் பெயர்களில் கணிசமானவற்றுக்கு எதிரே 'அழகானவள்' என்றே போட்டிருக்கிறது. கயலில் ஆரம்பித்தாலும், குழலில் முடிந்தாலும், நடுவில் எழில் வந்தாலும் அழகானவள்தான். ஆண்களுக்கு 'வீரன்', 'அரசன்'. இலக்கியம் என்பதே அழகான பெண்களும் ஆயுதம் தாங்கிய ஆண்களும் சேர்ந்து எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ என்று ஒரு வெளியூர்க்காரர் நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. கதையைக் கத்தரித்துவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். உதாரணமாக, 'நன்னன்: சங்ககால மன்னன்'. சரி, எந்த நன்னன்? மலைபடுகடாம் பாடிய நன்னன் ஒருவன். இன்னொருவன் இருக்கிறான், குறுந்தொகையில் பரணர் விடாமல் பிடித்துச் சபிக்கிறவன். அவன் தோட்டத்து மாங்காய் ஆற்றில் விழுந்து மிதந்து வந்தது. குளிக்கப்போன ஒரு பெண் எடுத்துத் தின்றுவிட்டாள். மரண தண்டனை. அவள் எடைக்கு எடை பொன்னில் ஒரு பாவையும் 81 யானைகளும் தருகிறோம் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். நன்னன் கேட்கவில்லை. இவனும் சங்ககால மன்னன்தான். வலது பக்கத்தில் ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தால் பெற்றோருக்கு விவரம் புரிந்திருக்கும்.

நன்னன் என்று பெயர் வைக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பாவம் செய்யாத பெயராகத் தேடினால் இலக்கியத்தில் ஒன்றும் தேறாது. நெடுஞ்செழியனை எடுத்துக்கொள்ளுங்கள். நாராயணசாமியாக இருந்தவர் நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். திராவிட இயக்கத்தில் பெயர் மாற்றம் என்பது கட்சி உறுப்பினர் அட்டைக்குச் சமம். சிலப்பதிகாரத்தில் விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன் பெயரும் நெடுஞ்செழியன்தான். ஆனால் செய்தது தப்பு என்று தெரிந்த கணத்திலேயே சிம்மாசனத்தில் உயிரை விட்டவனும் அவனே. தப்பையும் சேர்த்துப் படித்தால் அந்தப் பெயருக்கு மதிப்பு கூடுகிறதா, குறைகிறதா? எனக்குக் கூடுவதாகவே படுகிறது.

சத்தத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கிறவர்களுக்கு வேறு கஷ்டம். ஆதிமந்தி என்று காவிரியில் கணவனைத் தொலைத்துவிட்டுக் கரையெல்லாம் தேடி அலைந்த ஒரு கவிஞர் உண்டு. பெயரைச் சொல்லிப் பாருங்கள், ராகம் போல இருக்கிறது. எல்.கே.ஜி. வகுப்பில் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்துவிட்டு வானதி, அருள்மொழி, நந்தினி என்று வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். நாவலின் மிகப் பெரிய மூளைக்காரி குந்தவை. அந்தப் பெயரில் எனக்குத் தெரிந்து ஒருத்தியும் இல்லை. இரண்டாகப் பிரித்தால் 'உட்கார வை' என்று அர்த்தம் வருவது காரணமாக இருக்கலாம். நந்தினியின் நடத்தை பற்றி எந்தப் பெற்றோரும் கவலைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

புறநானூறு அச்சில் வந்தது 1894-ல், உ.வே.சாமிநாதையர் புண்ணியத்தில். பாரியும் ஓரியும் கபிலனும் ஓலைச்சுவடியை விட்டு இறங்கி ரேஷன் கார்டுக்கு வந்து சேர்ந்தது அதற்கப்புறம்தான். சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்களோ இந்த வேலையைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். சொந்தப் பெயர் தொலைந்துபோன கவிஞர்களுக்கு, அவர்கள் பாட்டில் வந்த ஒரு உவமையையே பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார்... நம்மிடம் உள்ள இலக்கியப் பெயர்களிலேயே உழைத்துச் சம்பாதித்தவை இவை என்பேன். குப்பைக்கோழியார் என்று உங்கள் பேரனுக்கு வைக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

இங்கே என் பி.காம். கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. கணக்குப்பதிவியலில் குட்வில் என்று ஒரு சங்கதி உண்டு. நம் ஊர்த் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அதற்கு 'நற்பெயர்' என்று அருமையாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். நற்பெயர் விஷயத்தில் ஒரு விதி. நம் கடைக்குத் தானாகச் சேர்ந்த நற்பெயரை ஏட்டில் சொத்தாக எழுதக் கூடாது. விலை கொடுத்து வாங்கியதை மட்டும்தான் எழுதலாம். இலக்கியப் பெயர் வைக்கிற பெற்றோரிடமும் ஆடிட்டர் மாதிரி ரசீது கேட்கத் தோன்றுகிறது. புத்தகத்தைப் படித்தீர்களா? அந்த ஆள் யார் என்று தெரியுமா? ஏழு வயதில் குழந்தை வந்து "எனக்கு ஏம்மா இந்தப் பேரு?" என்று கேட்டால், சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறதா? 'அழகானவள்' என்பது கதை இல்லை.

ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்' (2003) நாவல் முழுக்க இந்த ரசீதைப் பற்றித்தான். அமெரிக்காவில் குடியேறிய வங்காளி அப்பா தன் மகனுக்கு கோகோல் என்று பெயர் வைக்கிறார். ரஷ்ய எழுத்தாளர் பெயர். பையனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. வளர்ந்ததும் நிகில் என்று மாற்றிக்கொள்கிறான். அப்பா இளைஞராக இருந்தபோது ஒரு ரயில் விபத்தில் சிக்கியதும், கையில் இருந்த கோகோல் புத்தகத்தின் கசங்கிய காகிதத்தைப் பார்த்துத்தான் மீட்புப் படையினர் அவரைக் கண்டுபிடித்ததும் பையனுக்கு ரொம்பத் தாமதமாகவே தெரியவருகிறது. அந்த அப்பாவிடம் ரசீது இருந்தது. காட்ட நாளாகிவிட்டது.

சரி, அங்கவைக்கு வருவோம். நான் வாங்கிய புத்தகத்தில் அங்கவைக்கு எதிரே 'பாரியின் மகள்' என்று போட்டிருந்தது. சங்கவைக்கு எதிரே 'பாரியின் மகள்' என்று மறுபடியும். அத்தோடு சரி. உண்மையில் இந்த இரண்டு பெயர்களும் புறநானூற்றில் கிடையாது. 112-வது பாட்டின் கீழே பாடியவர் 'பாரி மகளிர்' என்றுதான் இருக்கிறது. அங்கவை, சங்கவை என்பது பின்னால் வந்த மரபு கொடுத்த பெயர்கள். அதாவது, அப்பா பெயரில் மட்டும் அறியப்பட்ட இரண்டு பெண்களுக்கு யாரோ மனசு கேட்காமல் தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த 112-வது பாட்டு மொத்தம் ஐந்தே வரி. போன பௌர்ணமியையும் இந்தப் பௌர்ணமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். நடுவில் அப்பா போய்விட்டார், மலை போய்விட்டது. அழுகைச் சொல் ஒன்றுகூட இல்லை. துக்கத்தைப் பற்றி மூன்று பக்கத்துக்கு எழுதும் நம் நாவலாசிரியர்கள் இதை மேஜைக்கு எதிரே ஒட்டிவைக்கலாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதற்கு அடுத்த கதை. பறம்பு மலையை மூவேந்தர்கள் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்ற பிறகு, அவன் நண்பர் கபிலர் இந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடிப் போகிறார். விச்சிக்கோனிடம் கேட்கிறார். பிறகு இருங்கோவேளிடம். முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெண்கள் என்று அறிமுகம் செய்துவைக்கிறார். இரண்டு பேருமே ஏற்கவில்லை. இருங்கோவேள் மீது கபிலர் கோபித்துக்கொண்டு பாடிய பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது.

இப்போது அந்த சினிமாக் காட்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். அப்பா ஸ்தானத்தில் ஒரு பெரியவர். இரண்டு பெண்கள். எதிரே வேண்டாம் என்று நழுவுகிற ஆண். ஒன்றும் மாறவில்லை. புறநானூற்றில் வேண்டாம் என்றவனைக் கவிஞர் திட்டினார். இங்கே பெண்களைப் பார்த்து நாம் சிரித்தோம். அந்தக் காட்சியை யோசித்தவர்களுக்குப் பழைய கதை ஞாபகம் இருந்ததா, இல்லையா என்பது பிரச்னையில்லை. இருந்திருந்தால் கொடூரம். இல்லையென்றால், பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய புத்தகம் செய்த அதே காரியம்.

இன்னொரு வேடிக்கை. 'வீரயுக நாயகன் வேள்பாரி' தொடராக வந்து புத்தகமும் ஆன பிறகு எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே இரண்டு பாரி ஓடியாடுகிறார்கள். அப்பா பெயருக்குக் கிராக்கி. பெண்கள் பெயரைத் தொட ஆளில்லை. அதே நாவலில் அங்கவையும் வருகிறாள், யாரும் மறந்திருக்க முடியாது. அப்பா பெயருக்கு ஜோக் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு அக்கா மகளுக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை ஸ்பீக்கர் இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் விச்சிக்கோனில் ஆரம்பித்து இருங்கோவேளைத் தாண்டும்போது குறுக்கிட்டாள்.

"தெரியும் மாமா. தமிழ் மிஸ் சொல்லியிருக்காங்க."

"எப்ப?"

"ஆறாவது படிக்கறப்ப. அந்தப் படம் வந்த வருஷம். கிளாஸ்ல என்னை அங்கவைன்னுதான் கூப்பிடுவாங்க. இன்னொரு பொண்ணு சங்கவை. அவளும் கறுப்பு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு நாள் மிஸ் காதுல விழுந்துடுச்சு. திட்டுவாங்கன்னு பார்த்தா திட்டலை. எங்க ரெண்டு பேரையும் முன்னாடி நிக்க வெச்சு, இவங்க யார் தெரியுமான்னு ஆரம்பிச்சு பீரியட் முழுக்க அந்தக் கதையைச் சொன்னாங்க. அந்தப் பாட்டையும் நடத்தினாங்க. எங்க சிலபஸ்லயே கிடையாது அது. அப்புறமும் பசங்க அப்படித்தான் கூப்பிட்டாங்க. ஆனா எனக்கு அது திட்டு மாதிரி கேக்கலை."

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டிருந்தது. அந்தப் படத்துக்கு அவளை அழைத்துப்போனதே நான்தான். அப்போது புது வேலையில் இருந்தேன், முதல் சம்பளத்தில் அக்கா குடும்பத்துக்கு டிக்கெட் எடுத்தேன். அவள் என் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கூட்டிட்டுப் போனேன்ல?" என்றேன்.

"ஆமா. நீங்க ரொம்ப சிரிச்சீங்க மாமா" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. அன்றைக்கு மழை பெய்தது என்பதுபோல.

"அப்புறம் ஏம்மா அந்தப் பேரையே..."

"வேற யாராவது ஜோக்குக்குன்னு வெச்சுக்கறதுக்கு முன்னாடி நான் வெச்சுடறேனே. அவ கேட்டா சொல்றதுக்கு எங்கிட்ட இருக்கு."

ரசீது என்று மேலே எழுதினேன் அல்லவா? இதைவிடச் சுத்தமான ரசீதை நான் பார்த்ததில்லை. ஆனால் நியாயமாக எதிர்க்கட்சிக்கும் பேச வேண்டும். பெயரைச் சுமக்கப் போவது அம்மா இல்லை, குழந்தை. அம்மாவின் பழைய காயத்துக்கு மகள் ஏன் போர்டு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று சம்பந்தியம்மா கேட்டால் என்னிடம் முழுப் பதில் கிடையாது. கோகோல் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். அந்தப் படம் பண்டிகைக்குப் பண்டிகை டி.வி.யில் வருகிறது. வகுப்பில் எவனாவது ஒருத்தன் பார்த்திருப்பான். அப்போது ஒரு தமிழ் மிஸ் பக்கத்தில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அனன்யாவுக்கு இந்த ரிஸ்க் எதுவும் இல்லை. அனன்யா என்று மூன்று பேர் அதே வகுப்பில் இருப்பார்கள், இனிஷியல் போட்டுக் கூப்பிட வேண்டும், அதோடு தொல்லை முடிந்தது.

இதையும் அவளிடம் சொன்னேன். "யோசிச்சேன் மாமா" என்றாள். "ரெண்டு மாசமா யோசிச்சேன்."

என் தீர்ப்பை யாரும் அப்புறம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கவைக்குத்தான் என் ஓட்டு என்று சொல்லியிருப்பேன், பதினெட்டு வருடம் லேட்டாக.

தொட்டில் அன்று போயிருந்தேன். சம்பந்தியம்மா குழந்தையின் காதில் முதலில் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். பிறகு மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்கவை" என்றார். மூன்று தடவை. இரண்டாவது தடவை 'அங்கவ' என்று விழுந்தது, மூன்றாவதில் சரியாக வந்துவிட்டது. "பேருக்கு அர்த்தம் என்ன?" என்று யாரோ பெரியப்பா கேட்டார். "கேட்டுட்டு சாப்பிடப் போங்க, பெரிய கதை" என்றார் சம்பந்தியம்மா. மருமகள் அவரிடம் என்ன சொன்னாள், எப்போது சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை. வீட்டில் கூப்பிடுவது 'பாப்பு'.

போன பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். குழந்தைக்கு எட்டு மாதம், பாட்டி மடியில் உட்கார்ந்து கரும்புத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. டி.வி.யில் அந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கவனித்துப் பார்க்கவில்லை, வெறும் சத்தத்துக்காக ஓடியது. விளம்பரம் முடிந்து படம் திரும்பியபோது சம்பந்தியம்மா ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சோபா இடுக்கில் ரிமோட்டைத் தேடினார்.

"அந்த சீன் வரப் போகுது" என்று, யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, பட்டிமன்றத்துக்கு மாற்றினார்.